முகவரி பார்த்து வருகிறது நோய்!



"வீடு கட்டிக் கொடுத்துட்டோமே, இன்னும் என்ன வேணும்?"

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மக்களைப் பார்த்து ஆட்சியில் இருந்த எல்லோரும் கேட்ட கேள்வி இது. பதிலை அரசின் சட்டத்திலிருந்தே சொல்கிறோம்.

1971 குடிசைப் பகுதிச் சட்டம் என்ன சொல்கிறது? தாழ்வான நிலம், சுகாதாரக்கேடு, நெரிசல். இவற்றால் மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து என்றால், அந்த இடத்தைக் குடிசைப் பகுதி என்று அறிவிக்கலாம்.

சரி, அந்த அளவுகோலை எடுத்துக்கிட்டு செம்மஞ்சேரிக்கு வாங்க!

தாழ்வான நிலமா? 2015-லும் மூழ்கியது, 2021-லும் மூழ்கியது. "கூவம், அடையாறு கரையில் வெள்ள ஆபத்து" என்று சொல்லி மக்களை வெளியேற்றியவர்கள், சதுப்பு நிலத்தை ஒட்டியா குடியமர்த்துவார்கள்?

நெரிசலா? கண்ணகி நகரில் முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. காற்றோட்டமில்லாத ஒரே அறையில் அஞ்சாறு பேர் படுத்தால், ஒருத்தருக்கு வந்த காசநோய் மத்தவங்களுக்கும் தொத்தாமல் என்ன செய்யும்?

பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்கள். லிஃப்ட் நின்றுபோனால் மேல்மாடியில் இருக்கும் நிறைமாதக் கர்ப்பிணி எப்படி இறங்குவார்? டயாலிசிஸ் நோயாளி எப்படி ஏறுவார்? நகரத்துக்குள் இருந்தவரை பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போன மக்கள் இவர்கள். இன்று அதே ஆஸ்பத்திரி சுமார் 25 கிலோமீட்டர் தூரம். மாரடைப்பு வந்தவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் உயிர்!

போக்குவரத்துக்கே கூலியில் பாதி போனால், மாத்திரைக்குக் காசு ஏது? வேலை கேட்டுப் போனால் "கண்ணகி நகரா?" என்று முகம் சுளிக்கிறார்கள். வேலையும் இல்லை, மருந்தும் இல்லை.

அங்கே அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள், கூலித் தொழிலாளர்கள். இந்த நகரத்தைக் கட்டினவங்க, கூட்டினவங்க. ஆற்றங்கரையை ஆக்கிரமித்த பெரிய கட்டடங்களுக்கு இந்த அவசரத்தை எந்த அரசும் காட்டியதில்லை. 2021-இல் வாரியத்தின் பெயரை "நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்" என்று மாற்றினார்கள். பெயர்ப்பலகை மாறினால் போதுமா? வாழ்விடம் மாற வேண்டாமா?

நம் கோரிக்கைகள்:

🔴 குடியிருக்கும் இடத்திலேயே வீடு கட்டிக் கொடு! ஊருக்கு வெளியே விரட்டாதே!
🔴 மறுகுடியமர்வுப் பகுதிகளில் 24 மணி நேர அவசர சிகிச்சை, பிரசவ வசதியுடன் முழுமையான அரசு மருத்துவமனை!
🔴 லிஃப்ட், குடிநீர், கழிவுநீர்ப் பராமரிப்புக்கு அதிகாரிகளைப் பொறுப்பாக்கு!
🔴 நோய், மரணக் கணக்கைப் பகுதிவாரியாக வெளியிடு!

நாலு சுவர் மட்டும் வீடு ஆகாது. உயிரோடு வாழ விடுவதுதான் வீடு.

பகிருங்கள் தோழர்களே! ✊

#வாழ்விடம்_உரிமை #விரட்டாதே