சொந்தக் கையால் போடும் கான்கிரீட்டுத் தளம்

கான்கிரீட்டு எளிய பொருள் என்ற எண்ணம் மக்களிடையே பரவியிருக்கிறது. சிமெண்டு, மணல், ஜல்லி, கம்பி யாவும் கடைத்தெருவில் கிடைக்கின்றன. கலந்து ஊற்றினால் மறுநாள் கல்லைப்போல் இறுகிவிடுகிறது. மரவேலையில் நேரும் பிழை பெரும்பாலும் உடனே கண்ணுக்குப் புலப்படும். கான்கிரீட்டில் நேர்ந்த பிழையோ பூச்சுக்குள் மறைந்து பல ஆண்டுகள் உறங்கும். இருக்கும் வீட்டின்மேல் ஓர் அறை எழுப்பக் குடும்பத்தார் தாமே தளம் போட முற்படுவதில் உள்ள அபாயத்திற்கு இதுவே மூலகாரணம்.

மும்பையின் தாராவியில் இவ்விஷயம் அன்றாட வாழ்வைச் சேர்ந்தது. மாஹிம் கழியை ஒட்டிய சதுப்பு நிலம் சிறிது சிறிதாகத் தூர்க்கப்பட்டு அங்குக் குடியிருப்பு வளர்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்குச் சென்ற தமிழர் பலர் அங்கே தலைமுறைகளாக வாழ்கின்றனர். குடும்பம் பெருகுகிறது, மனை பெருகுவதில்லை. ஆகவே வீடு மேல்நோக்கியே வளர்கிறது. குடிசைப் பகுதி வீடுகளுக்கு மாநகராட்சி வகுத்த உயர வரம்பு 14 அடி. அதனை மீறிய மாடிகள் சந்துதோறும் நிற்கின்றன. வரைபடம் இல்லை, பொறியாளர் இல்லை. வீட்டுக்காரரும் கொத்தனாரும் நின்று பேசியே வேலை முடிவாகிறது.

2021-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் தேதி இரவு, கனமழையின்போது, மும்பையின் மால்வணிப் பகுதியில் மேல்தளங்களுடன் கூடிய வீடொன்று இடிந்து விழுந்தது. 12 பேர் மாண்டனர். அவர்களுள் எண்மர் குழந்தைகள். இத்தகைய விபத்து நிகழுந்தோறும் இரண்டு அபிப்பிராயங்கள் எழுகின்றன. அனுமதியற்ற மாடிகளையெல்லாம் இடித்துவிட வேண்டும் என்பது ஒன்று. ஏழைகள் வேறெங்கே போவார்கள், விட்டுவிடுக என்பது மற்றொன்று. முன்னது குடும்பங்களின் தேவையைக் காணவில்லை. பின்னது பொருளின் இயல்பைக் காணவில்லை. எது செய்யத்தக்கது, எது செய்யத்தகாதது என்று மக்களின் மொழியில் அவர்களிடம் எடுத்துரைப்பாரே இங்கு வேண்டப்படுவோர்.

முதலில் எடை. கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்குச் சுமார் 2,500 கிலோகிராம். 10 அடிக்கு 12 அடி அளவுள்ள அறைக்கு 100 மில்லிமீட்டர் கனத்தில் தளமிட்டால், தளத்தின் எடை மட்டுமே சுமார் 2,800 கிலோகிராம். ஆட்களுக்கும் சாமான்களுக்குமாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோகிராம் என்ற வழக்கமான கணக்கைச் சேர்த்தால் மொத்தம் ஐந்து டன்னாகிறது. மேற்சுவர்களின் எடை இதில் சேரவில்லை. தகரக் கூரையைத் தாங்குவதற்காக, தூர்த்த மண்ணின்மேல், ஆழமான அஸ்திவாரமின்றி எழுப்பிய பழஞ்சுவர் இப்பாரத்தைத் தாங்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கலவை எவ்வளவு நேர்த்தியாயினும் இக்குறையை அது நீக்காது.

அடுத்தது தண்ணீர். சிமெண்டுடன் இரசாயன முறையில் சேரும் நீர், அதன் எடையில் ஏறக்குறைய கால்பங்கே. கலவை இளகுவதற்காகச் சேர்க்கப்படும் எஞ்சிய நீர் பின்னர் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. நீர் மிகுந்தால் வலிமை குறையும் என்னும் விதியை அமெரிக்க அறிஞர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே நிறுவினார். ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதித்தொகுப்பு, எம் 20 தரமுள்ள கைக்கணக்குக் கலவையில் 50 கிலோகிராம் சிமெண்டு மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீருக்கு மேல் அனுமதிப்பதில்லை. பத்து லிட்டர் வாளியில் மூன்று வாளி. ஈர மணலில் உள்ள நீரையும் இதிலேயே கழிக்க வேண்டும். சித்தாள் சுமக்கவும் கொத்தனார் பரப்பவும் எளிதாகட்டும் என்று ஊற்றும் நான்காவது வாளி தளத்தின் ஆயுளிலிருந்து எடுக்கப்படுவதே.

மூன்றாவது கடற்காற்று. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவிடாமல் காக்கிறது. நுண்துளைகளின் வழியே உப்பு புகுந்தால் அக்காப்பு அழிகிறது. துரு, தான் உண்ட இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடம் பிடித்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. ஆதலால் கம்பியின் கீழே 'கவர் பிளாக்' எனப்படும் சிறு கட்டிகளை வைத்து, கடலோர நகரங்களில் 30 முதல் 45 மில்லிமீட்டர் வரை கான்கிரீட்டால் அதனைப் போர்த்த வேண்டும். உப்பு நீரையும் கடல் மணலையும் அறவே விலக்க வேண்டும். இங்கே ஒரு முக்கியமான செய்தி உண்டு. மேற்படி விதித்தொகுப்பு கைக்கணக்குக் கலவையை எம் 20 தரம் வரையிலேயே ஏற்கிறது. கடலோரத்தில், உப்புக் காற்று நேரே படாத கம்பிக் கான்கிரீட்டுக்கே எம் 25 தரம் வேண்டும் என்கிறது. அதாவது, மும்பை போன்ற நகரில் சட்டியால் அளந்து கலக்கும் கலவை, எவ்வளவு கவனத்துடன் கலந்தாலும், விதி கோரும் தரத்தை எட்டியதாகக் கொள்ள இயலாது.

நான்காவது பொறுமை. சாதாரண சிமெண்டாயின் ஏழு நாளும், கலப்புச் சிமெண்டாயின் பத்து நாளும் தளத்தை ஈரமாக வைத்து நீராற்ற வேண்டும். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளை ஏழு நாளுக்கு முன்னரும், அதற்கு மேற்பட்டால் பதினான்கு நாளுக்கு முன்னரும் எடுக்கலாகாது. கீழறையில் குடும்பம் சமைத்து உறங்க வேண்டிய வீட்டில், தண்ணீரும் குறித்த நேரமே வரும் சந்தில், இது மிகக் கடினமானது. ஆயினும் சிமெண்டு குடும்பத்தின் அவசரத்தை அறியாது.

இவற்றிலிருந்து முடிவு தெளிவாகிறது. பழஞ்சுவரின்மேல் கான்கிரீட்டுத் தளம் போடுவது குடும்பத்தார் தாமே செய்யத்தக்க வேலையன்று. இடம் இன்றியமையாததாயின், தரையிலிருந்து தனித்தூண்களில் நிற்கும் இரும்புச் சட்டமும், இலேசான பலகை அல்லது தகட்டுத் தளமும், அறிந்தவர் ஒருவரின் மேற்பார்வையும் ஏற்றவை. தாராவியின் கொத்தனார்களும் இரும்பு வேலைக்காரர்களும் இம்முறையை அறியாதவர்கள் அல்லர். 'பக்கா' வீடு என்றால் கான்கிரீட்டே என்ற மதிப்பே அவர்களைத் திசை திருப்புகிறது.

இவ்வாறு ஆலோசனை கூறுவது சட்டமீறலுக்குத் துணைபோவதாகாதா என்ற ஆட்சேபம் அற்பமானதன்று. ஆனால் அம்மை குத்த வந்தவர் வீட்டின் பட்டாவைக் கேட்டதில்லை. ஆலோசனை அனுமதியாகாது என்பதை வெளிப்படையாகக் கூறியே ஆலோசனை வழங்கலாம். கேரளத்தின் கொல்லத்தில் 1980-களில் தோன்றிய நிர்மிதி கேந்திரம், கொத்தனார்களுக்குப் பயிற்சியளிப்பதையும் சிக்கனக் கட்டட முறைகளைப் பரப்புவதையும் அரசு முன்னின்று செய்ய இயலும் என்று காட்டியது.

கான்கிரீட்டுக்கென்றே ஓர் ஆங்கிலச் சஞ்சிகை 1927-இல் மும்பையில் தோன்றியது. அவ்வறிவுக்கும் தாராவிக்கும் இடையே உள்ள தூரம் மைல்களால் ஆனதன்று, மொழியால் ஆனது. மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளி ஆசிரியர், தளத்தின் எடையைக் கணக்குப் பாடத்தில் போட்டுக் காட்டலாம்; மாணவர் அதனை வீட்டிற்கு எடுத்துச் செல்வர். களப்பணியாளர், மழைக்காலத்திற்கு முன்பே, மூன்று வாளி, ஏழு நாள், துருப்பிடித்த விரிசல் ஆகியவற்றைச் சந்துதோறும் கூறலாம். தாராவியைப் புதிதாக அமைக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு, 2022-இல் மீண்டும் ஒப்பந்தப்புள்ளி நிலையை எட்டியது. அது நிறைவேறும் வரையில் மக்கள் இப்போதுள்ள தளங்களின் கீழேயே உறங்க வேண்டியவர்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்வதற்கு எந்தத் திட்டமும் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.