படத்தில் இல்லாத தண்ணீர்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பேஜ் நகரை ஒட்டி இருக்கிறது ஆன்டிலோப் கேன்யன். பெயர் தெரியாதவர்கள்கூட அதன் படத்தைப் பார்த்திருப்பார்கள். துணி மடிப்புபோல நெளியும் செம்மணற்கல் சுவர்களும், உச்சியிலிருந்து தரைவரை இறங்கும் ஒளித்தூணும் ஏதோ ஒரு காலண்டரில் கண்ணில் பட்டிருக்கும். இது நவஹோ பழங்குடியினரின் நிலம். இந்தப் பள்ளத்தாக்கு மேல், கீழ் எனப் பிரிந்தது. மேல் பள்ளத்தாக்குக்கு அவர்கள் மொழியில் உள்ள பெயருக்கு 'பாறைகளின் ஊடே தண்ணீர் ஓடும் இடம்' என்று பொருள். பெயரில் இருக்கும் தண்ணீரைப் படங்களில் காணோம்.

அந்தச் சுவர்களைக் கடைந்தெடுத்ததே தண்ணீர்தான். பெரும்பாலான நாட்கள் வறண்டு கிடக்கும் தடத்தில், கோடைமழைக் காலத்தில் மணலை அள்ளிக்கொண்டு வெள்ளம் பாயும். இடுக்கில் அதற்கு ஒதுங்க வழியில்லை. உப்புத்தாள் போட்டதுபோலப் பாறையைத் தேய்த்துக்கொண்டே போகும். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ்ப் பள்ளத்தாக்கில் அப்படி வந்த வெள்ளத்தில் 11 சுற்றுலாப் பயணிகள் மாண்டார்கள். அவர்கள் நின்ற இடத்தில் சொல்லும்படியான மழை இல்லை. பல மைல் தள்ளி, மேட்டுப் பகுதியில் கொட்டிய மழை அவர்களிடம் வந்து சேர்ந்தது. உயிர் தப்பியவர் ஒரு வழிகாட்டி மட்டும். இன்று அங்கே பாறையில் முடுக்கிய இரும்புப் படிகள் இருக்கின்றன. வழிகாட்டி இல்லாமல் யாரும் இறங்க முடியாது.

கேமராக்காரர்கள் இந்த இடத்துக்குப் பித்துப்பிடித்து அலைவதில் வியப்பில்லை. வெயில் அடிவரை நேராக இறங்குவது அபூர்வம். ஒரு சுவரில் பட்டு, எதிர்ச்சுவருக்குத் தெறித்து, மறுபடி திரும்பி, இறங்க இறங்கச் சிவப்பேறுகிறது. வெயில் எட்டாத மூலையில் வானத்தின் நீலம் மட்டும் விழ, அதே பாறை கத்தரிப்பூ நிறமாகிவிடும். விவரம் தெரிந்தவர்கள் படத்துக்குள் வானத்தை விடமாட்டார்கள். ஒரு கீற்று நுழைந்தாலும் அங்கே வெள்ளைத் திட்டு விழும்.

ஒளித்தூணின் சூட்சுமம் இன்னும் எளிது. கோடையில், நண்பகலை ஒட்டி, கூரைப் பிளவு வழியே ஒளி இறங்கும். தூசி இல்லாவிட்டால் அது சரியாகத் தெரியாது. வழிகாட்டி குனிந்து ஒரு கை மணலை அள்ளி மேலே வீசுவார். தூண் எழுந்து நிற்கும், சில நொடிகள். அதற்குள் எல்லோரும் 'கிளிக்' செய்துவிட வேண்டும். புகைப்படக் கலைஞர் பீட்டர் லிக் இங்கே எடுத்த 'ஃபேண்டம்' படத்தில் தூசியே ஒரு மனித உருவம்போல் நிற்கிறது. 2014-இல் அது 65 லட்சம் டாலருக்கு விலைபோனதாக அவர் தரப்பு அறிவித்தது. வாங்கியவர் பெயரைச் சொல்லவில்லை, நம்பாதவர்களும் உண்டு.

ஆளரவமற்ற படம் வேண்டும் என்பதற்காகவே மேல் பள்ளத்தாக்கில் முக்காலிக்காரர்களுக்குத் தனிச் சுற்று நடந்தது. அவர்கள் ஷட்டரைத் திறந்துவைத்துக் காத்திருக்க, மற்றவர்கள் வளைவுக்கு அப்பால் நிறுத்தப்பட்டார்கள். 2019 இறுதியோடு அது முடிந்தது. இப்போது முக்காலிக்கும் செல்ஃபி குச்சிக்கும் அனுமதி இல்லை. கலைக்குப் போட்ட பூட்டு என்று குறைபட்டவர்கள் உண்டு. அதில் நியாயம் இல்லை. ஒருவர் பின் ஒருவராக நடக்கும் இடுக்கில், அவசரமாக வெளியேற வேண்டிவந்தால் முக்காலி காலை வாரும். மங்கிய வெளிச்சத்தை இன்றைய கைபேசிகளே சமாளிக்கின்றன. தவிர, வழிகாட்டியையும் கூட்டத்தையும் ஒதுக்கிவிட்டு, யாரும் காணாத தனிமை என்று காட்டும் படம் பாதிப் பொய். மணல் வீசும் அந்தக் கையையும் சேர்த்து எடுத்தால் என்ன?

ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தலைக்கு மேல் வானம் பளிச்சென்று இருக்கும்போதே இன்று இறங்க முடியாது என்று வழிகாட்டி சொல்லக்கூடும். பணம் திரும்ப வருமா என்று தாராளமாகக் கேளுங்கள். வாதாட வேண்டாம்.