ராத்திரியில் நடக்குமா பள்ளிக்கூடம்?

காலையில் மின்சார ரெயில், மாலை வரை கணக்கு நோட்டு, ராத்திரியில் பி.எட். புத்தகம். இப்படி வாத்தியார் வேலைக்குப் படிக்கும் குமாஸ்தாக்கள் நம் ஊரில் உண்டு.

பாடத்தை ராத்திரியில் படிச்சுடலாம். பள்ளிக்கூடம் ராத்திரியில் நடக்குமா?

தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் 2014-ல் வகுத்த விதிப்படி, 2-வது ஆண்டில் 16 வாரம் பள்ளிக்கூடத்திலேயே பயிற்சி. அதற்கு 90 சதவீத வருகை வேண்டும்.

முதலாளி லீவு தருவாரா? மாட்டார். அதனால் சிலர், "பணத்தைக் கட்டு, வந்ததா எழுதிக்கிறோம்" என்கிற கல்லூரியைத் தேடிப் போகிறார்கள். இதில் ஏமாறுவது யார்? நாளைக்கு அவர்களிடம் படிக்கப் போகும் நம் பிள்ளைகள்தான்!

அந்த 16 வாரத்துக்குச் சம்பளம்கூட வேண்டாம். திரும்பி வந்தால் வேலை இருக்க வேண்டும். அதற்கு அரசு வழி செய்யட்டும். வருகைப் பதிவேட்டை விற்பவர்கள் மீது வழக்கும் போடட்டும்!