இராஜாக்கூர்ப் பிடிவாதம்

ஆற்றங்கரையிலும் கண்மாய் ஓரத்திலும் வாய்க்கால் மேட்டிலும் இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருந்து, தேர்தல்தோறும் வாக்களித்து, மின்சாரக் கட்டணமும் செலுத்தி வந்த குடும்பங்களை, ஒரு மழைக்கால வெள்ளத்தின் பெயராலோ ஒரு நகர அலங்காரத் திட்டத்தின் பெயராலோ எழுப்பி, யானைமலைப் பக்கத்து இராஜாக்கூரில் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்வது என்று மதுரை விஷயத்தில் எப்போதோ செய்யப்பட்ட தீர்மானம், இத்தனை வருஷ அனுபவத்துக்குப் பின்னும் மறுபரிசீலனைக்கு வரவில்லை என்பதைக் காண எரிச்சலே உண்டாகிறது. வைகைக் கரையில் வாழ்ந்தவர்கள் அகற்றப்பட்டார்கள்; அவர்கள் இருந்த கரையில் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தின் சிமெண்ட் சுவரும் சாலையும் எழுந்தன. 2024ஆம் வருஷம் அக்டோபர் 25ஆம் தேதி பெய்த மழையில் செல்லூரும் அதன் சுற்றுப்புறமும் மூழ்கின. அடுத்த மாதமே பீ.பீ.குளம் முல்லை நகர்வாசிகள் கண்மாயில் குடியிருப்பதாகக் கூறி வீடுகளைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். காலி செய்தால் எங்கே போவது என்ற கேள்விக்கு மதுரை இதுவரை கண்டறிந்த உத்தரம் ஊருக்கு வெளியே என்பதுதான்.

கண்மாயைக் கண்மாயாகவே விடவேண்டும் என்பதில் எங்களுக்கு ஆட்சேபம் கிடையாது. ஆயினும், உலகனேரிக் கண்மாயில் 2004இல் உயர்நீதிமன்றக் கிளை எழுந்ததையும், தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் மாநகராட்சி மாளிகையே நிற்பதையும் கண்ணாரக் கண்டுகொண்டிருக்கும் ஜனங்களிடம் நீர்நிலையின் புனிதத்தைப் பற்றி உபதேசம் செய்ய வருகிறவர்கள், கொஞ்சம் தாழ்ந்த குரலில் பேசினால் நன்றாயிருக்கும்.

இராஜாக்கூரில் கட்டடம் இல்லையா என்றால் இருக்கிறது. 2005ஆம் வருஷக் கடைசியில் மத்திய சர்க்கார் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் மதுரையும் சேர்க்கப்பட்டு, அந்தப் பணத்தில் அங்கே அடுக்குமாடிகள் நிர்மாணிக்கப்பட்டன. கட்டி முடித்த பின் அவற்றில் பல வெகுகாலம் பூட்டியே கிடந்தன. தலைக்குமேல் கூரை இல்லாதவன், கான்கிரீட் கூரையுள்ள வீடு கிடைத்தும் போகமாட்டேன் என்கிறானே, அது ஏன் என்று அப்போதே ஒருவர் யோசித்திருந்தால் இன்றைய தலையங்கத்துக்கு அவசியம் நேர்ந்திராது. யோசிப்பதற்குப் பதிலாக, ஏழைகளுக்கு நன்றி இல்லை என்றும், கொடுத்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மறுபடி குடிசைக்கே ஓடிவருகிறார்கள் என்றும் குற்றப்பத்திரிகை படிக்கப்பட்டது.

அவன் ஏன் போகமாட்டேன் என்றான் என்பதை விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளாததனால்தான் மற்றவை அனைத்தும் கோணலாயின. நகரத்து ஏழைக்கு வீடு என்பது நான்கு சுவரும் ஒரு கழிவறையும் மாத்திரம் அன்று. அது அவனுடைய வேலை ஸ்தலத்துக்கு எத்தனை நிமிஷ தூரத்தில் இருக்கிறது என்பதில்தான் அதன் மதிப்பு அடங்கியிருக்கிறது. விடியுமுன் துடைப்பமும் வண்டியுமாக வார்டு அலுவலகத்தில் மஸ்டருக்கு நிற்கவேண்டிய துப்புரவுத் தொழிலாளி, பெரியார் பஸ் நிலையத்துக்கு அருகே மேலவாசலில் குடியிருக்கும்வரை எழுந்த கையோடு நடந்து போய்விடுகிறார். இராஜாக்கூரில் குடியிருந்தால், முதல் பஸ் வருமா, வந்தாலும் நிற்குமா, ஒத்தக்கடையில் இறங்கி வேறொன்று பிடிக்க வேண்டுமா என்ற கவலையோடு, கோழி கூவுவதற்கு முன்பே குழந்தையை அண்டை வீட்டில் ஒப்படைத்துவிட்டு இருட்டில் நிற்கவேண்டும். அந்த அண்டை வீட்டுக்காரியோ நேற்றுவரை முகம் அறியாதவள். ஒருநாள் தாமதமானால் ஆப்சென்ட். ஒப்பந்தத் தொழிலாளியானால் அன்றைய கூலியே இல்லை.

கீழமாசி வீதியின் மொத்தக் கடைகளில் மூட்டை தூக்குகிறவருக்கும், கீழமாரட் வீதி வெங்காய மண்டியில் லாரி வந்ததும் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கவேண்டியவருக்கும் வேலை நேரம் என்று ஒன்று கிடையாது. லாரி இரவு பதினொரு மணிக்கு வரும். விடியற்காலை மூன்று மணிக்கும் வரும். அருகில் இருப்பவனுக்கு வேலை. தூரத்தில் இருப்பவனுக்கு, வேலை நடந்தது என்ற சமாசாரம். கே.கே.நகரிலும் அண்ணாநகரிலும் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்மணி, காலை இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமுமாகத் தம் வேலையைப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறார். நடுவே வீட்டுக்கு வந்து சோறு பொங்கி, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கும் போட்டுவிட்டுத் திரும்ப முடிகிறவரைதான் அந்த ஏற்பாடு நடக்கும். அவரை இராஜாக்கூருக்கு அனுப்பினால், நடுப்பகலை அவர் எந்த மரத்தடியில் கழிப்பது?

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வேலை செய்பவருக்கு இராஜாக்கூர் அண்மைதானே என்று ஒரு வாதம் உண்டு. சிலருக்கு உண்மை; அப்படிப்பட்டவர்கள் கேட்டால் கொடுக்கட்டும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் இருக்கிறதே என்று இன்னொரு வாதம். அது நல்ல காரியம், நாங்களும் பாராட்டியிருக்கிறோம். ஆனால் இங்கே பறிபோவது டிக்கெட் காசு மாத்திரமா? போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று ஆகிவிட்டால், அந்த மூன்று மணியை எந்தக் கஜானாவிலிருந்து திருப்பித் தருவார்கள்? கோரிப்பாளையத்து இராஜாஜி ஆஸ்பத்திரிக்கு நள்ளிரவில் பிரசவ வலியோடு ஓடவேண்டியவளுக்கு இலவச டவுன் பஸ்ஸினால் என்ன பிரயோஜனம்? முடையான நாளில் அரிசியும் எண்ணெயும் கடனாகக் கொடுத்து நோட்டில் எழுதிக்கொண்ட தெருமுனைக் கடைக்காரரை யார் லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? நாற்றங்காலிலிருந்து பயிரைப் பறிக்கிற குடியானவன், முன்னதாகவே வயலை உழுது சேறாக்கி வைத்திருப்பான். இந்தத் திட்டக்காரர்களோ பறித்து வரப்பில் போட்டுவிட்டு, நட்டதாக ஏட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.

இதற்கு மாற்று என்ன என்று கேட்டால், மேல்நாட்டிலிருந்து ஒரு தத்துவத்தை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. பல தரத்து வருமானக்காரர்கள் ஒரே குடியிருப்பில் கலந்து வாழ்வது என்று இன்று சர்வதேச நிபுணர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசுகிற ஏற்பாடு, மாசி வீதிகளுக்கும் ஆவணி மூல வீதிகளுக்கும் உட்பட்ட மதுரையில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. தெருவைப் பார்த்த மாடி வீட்டில் ஜவுளி வியாபாரி இருப்பார்; அதே வாசலின் பக்கச் சந்தில் நுழைந்தால், காம்பவுண்டுக்குள் எட்டுப் பத்துக் குடித்தனம், பொதுக் குழாய், பொது முற்றம்; தையற்காரர், கோயில் பணியாளர், கடைச் சிப்பந்தி, பள்ளிக்கூட வாத்தியார். அவர்கள் ஒருவரையொருவர் நேசித்தார்கள் என்று நாங்கள் கதை கட்டவில்லை; தண்ணீருக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்தத் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் மறுநாளே ஆள் வருவான், ஏனெனில் அங்கே ஒரு வக்கீலும் குடியிருந்தார். கலந்து வாழ்வதன் நன்மை இதில்தான் இருக்கிறதென்று எங்கள் அபிப்பிராயம்: பணக்காரனைப் பார்த்து ஏழை நல்லொழுக்கம் கற்பான் என்ற அகம்பாவமான எண்ணத்தை ஒதுக்கிவிடலாம், மனு எழுதத் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தால் குழாயில் தண்ணீர் வரும். ஏழைகளை மாத்திரம் பொறுக்கி ஓரிடத்தில் குவித்தால், அவர்கள் எல்லோரும் சேர்ந்து மனுக் கொடுத்தாலும் அந்தக் காகிதத்துக்கு எடை கூடுவதில்லை.

பழைய மதுரையை நாங்கள் துதி பாடுவதாகவும் வாசகர்கள் எண்ணவேண்டாம். அந்தக் கலப்பில் ஒரு சாராருக்கு இடமே இருந்ததில்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து, அழுக்கை அள்ளுகிறவனை ஊருக்கு வெளியே நிறுத்தியது நம் பழைய நகர நிர்மாண சாஸ்திரம். 1939ஆம் வருஷம் ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாதையர் அவர்கள், மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியிலிருந்து வந்த கக்கன் முதலானோரை, அதுவரை கோயிலுக்குள் விடப்படாதவர்களை, அழைத்துக்கொண்டு மீனாக்ஷி கோயிலுக்குள் பிரவேசித்தபோது மதுரை ஒரு வாசலைத் திறந்தது. அந்த வாசலுக்கு நடந்து போகும் தூரத்தில், துப்புரவுத் தொழிலாளர்கள் குடியிருந்துவரும் மேலவாசலும் திடீர் நகரும் இருக்கின்றன. அப்படிப்பட்ட குடும்பங்களை, இராஜாக்கூர் இருக்கிற மேலூர் சாலைப் பக்கமாகவே திருப்பி அனுப்புகிற திட்டத்துக்கு ‘மேம்பாடு’ என்று பெயரிடுகிறவர்கள், தாங்கள் கட்டியிருப்பது மூன்று மாடி உயரச் சேரி என்பதை உணர்ந்திருக்கிறார்களா? உணர்ந்தே செய்தார்கள் என்று நம்ப மனம் ஒப்பவில்லை. உணராமல் செய்தார்கள் என்றால் அதுவும் பெருமைக்குரியதல்ல.

வெளிநாட்டு அனுபவத்தையும் அவர்கள் பாதியாகவே படிக்கிறார்கள். சிங்கப்பூரில் 1961இல் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி தீக்கிரையாகிப் பதினாறாயிரம் பேர் வீடிழந்தபோது, எரிந்த அதே நிலத்தில் அடுக்குமாடி எழுப்பினார்கள். சிகாகோவில் காப்ரினி-கிரீன் என்ற ஏழைகளின் அடுக்குமாடிக் கோபுரங்களை 2011க்குள் இடித்துத் தள்ளி, அவ்விடத்தில் பல வருமானக்காரர்களுக்கான குடியிருப்பு கட்டினார்கள். கட்டடம் நன்றாகத்தான் இருந்தது, பழைய குடிகளில் அநேகர் திரும்பி வரவில்லை. நம் பம்பாயிலோ, 1995 முதல் நடந்துவரும் குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில், ஒரே மனையில் ஏழைக்கு ஒரு நெருக்கமான கட்டடமும் விலைக்கு வாங்குகிறவருக்கு ஒரு விசாலமான கட்டடமும் எழுந்து, நடுவே மதில் வைப்பது வழக்கமாகிவிட்டது. அதைக் கலப்புக் குடியிருப்பு என்று சொல்வதானால், ரயில் வண்டியையும் கலப்புக் குடியிருப்பு எனலாம்.

இவ்வளவு தூரம் நம் தீர்மானகர்த்தர்களிடம் ஞானத்தை எதிர்பார்ப்பது ஒருவேளை எங்கள் பிழையோ என்னவோ. இலாகாவின் பெயர்ப்பலகை எதுவானாலும் கோப்பில் கையெழுத்திடும் மனப்பான்மை ஒன்றே. சென்னையில் செம்மஞ்சேரியில் தாழ்வான நிலத்தில் ஏழைகளைக் குடியமர்த்தி, மழைதோறும் முழங்கால் தண்ணீரில் நிற்க வைத்தது இதே மனப்பான்மை. 2021இல் புளியந்தோப்பில் புத்தம்புது அடுக்குமாடியின் பூச்சு, கை பட்டால் உதிர்ந்தது. அதே வருஷம் டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் பழைய அடுக்குமாடி ஒன்று சரிந்து விழுந்து, முன்கூட்டியே ஜனங்கள் வெளியேறிவிட்டதனால் மாத்திரம் உயிர்கள் தப்பின. மதுரைக்கு வருவோம். தோப்பூர்–உச்சப்பட்டியில் துணைநகரம் என்று முழக்கம் செய்தார்கள், மனை போட்டார்கள், வாங்க ஆளில்லை. பெரியார் பஸ் நிலையத்தை 2019இல் இடித்து, நகரத்தின் நடு வயிற்றில் பள்ளம் தோண்டி, 2021 டிசம்பரில்தான் திறந்தார்கள். அந்தக் காலம் முழுதும் சுற்றுப்புறக் கடைக்காரர்களும் பிரயாணிகளும் பட்ட அவஸ்தையை மதுரைக்காரர்களுக்கு நாங்கள் வர்ணிக்க வேண்டியதில்லை. வைகைக்குக் கரை கட்டுகிறோம் என்று ஆற்றையே ஒடுக்கினார்கள். 1993ஆம் வருஷ வெள்ளத்தைக் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரைக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்பது என்ற வழக்கமே அங்கில்லை.

இத்தனைக்கும், வெள்ளைக்காரக் கலெக்டர் பிளாக்பர்ன் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது, அந்த வேலைக்குத் துணை நின்ற ஜனங்களுக்கே அங்கு மனை கொடுத்தார் என்பது மதுரைச் சரித்திரம். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படிப் பிறந்தவை. நகர நிர்மாண மேதை பாட்ரிக் கெட்டிஸ் 1915ஐ ஒட்டிச் சென்னை மாகாணத்து ஊர்களைப் பார்வையிட்டு, மதுரையைப் பற்றியும் அறிக்கை எழுதினார். அவர் அக்காலத்தில் ஓயாது வற்புறுத்தியது ஒன்று: நெருக்கமான பகுதியைச் சீராக்க வேண்டுமானால் குறைந்த வீடுகளை இடித்து, அதிகமான பேரை இருந்த இடத்திலேயே இருக்க விடு, மொத்தமாக இடித்து விரட்டினால் நெருக்கம் வேறிடத்துக்குக் குடிபோகுமே தவிர ஒழியாது. நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அந்த அறிக்கையை இவர்களில் ஒருவராவது புரட்டிப் பார்த்திருப்பார் என்று பந்தயம் கட்ட நாங்கள் தயாராயில்லை.

முடியாத காரியம் என்று சொல்லவும் இவர்களுக்கு வழியில்லை. 2022 மே மாதம் சென்னை இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்கப் புகுந்து, அதைக் காணச் சகியாமல் ஒருவர் தீக்குளித்து மாண்ட பிறகு, அங்குள்ளவர்களுக்கு மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் வீடு தரப்படும் என்றும், இனி ஜனங்களின் கருத்தைக் கேட்டே மறுகுடியமர்வு நடக்கும் என்றும் சட்டசபையில் முதலமைச்சரே அறிவித்தார். மயிலாப்பூரில் கிடைக்கும் இடம் மதுரையில் கிடைக்காதா? அல்லது இங்கேயும் ஒருவர் மண்ணெண்ணெய்க் கேனைத் தூக்கினால்தான் நகரத்துக்குள் நிலம் அகப்படுமா?

நிலம் இருக்கிறது. மஞ்சள்மேட்டிலும் மேலவாசலிலும் பழைய அடுக்குமாடிகள் நிற்கும் நிலமே இருக்கிறது. சர்க்கார் இலாகாக்கள் வேலி போட்டுச் சீமைக்கருவேலம் வளர்க்கும் நிலமும் இருக்கிறது. எதை எடுப்பது, எத்தனை பங்கு ஏழைக்கு, எத்தனை பங்கு மாதச் சம்பளக்காரருக்கு, விலைக்கு விடுவது எவ்வளவு என்பதையெல்லாம் விஷயம் தெரிந்தவர்கள் குடியிருப்போரையும் கூட வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்யட்டும். ஏதேனும் ஒரு வழி பிறக்கும். பங்குத்தொகை என்று கைக்கெட்டாத ஒரு தொகையைக் கேட்டு, கொடுக்க முடியாதவனை வாசலிலேயே வடிகட்டிவிடுகிற தந்திரம் மாத்திரம் அதில் நுழையாதிருக்க வேண்டும். அதுவரையில் முல்லை நகரில் ஒரு செங்கல்லையும் தொடலாகாது. ஒவ்வொரு வருஷமும் மானியக் கோரிக்கை விவாதத்தில் இத்தனை ஆயிரம் வீடுகள் கட்டினோம் என்று வாசிக்கப்படுகிறதே, அவற்றில் எத்தனையில் சாயங்காலம் விளக்கு எரிகிறது, அங்கிருந்து வேலைக்குப் போகிறவர் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார் என்பதையும் அடுத்த முறை சேர்த்து வாசிக்கட்டும்.