தேசிய அணியும் ஏரிக்கரை வாலிபரும்

நமது தேசிய கிரிக்கெட் அணி அன்னிய நாடுகளுக்குப் பிரயாணம் செய்து, குறித்த ஓவர்களுக்குள் முடியும் பந்தயங்களை ஆடும்போதெல்லாம் தேசமெங்கும் அதே பேச்சாக இருக்கிறது. வெற்றி வந்தால் வெடி வெடிக்கிறோம். தோல்வி வந்தால் ஆட்டக்காரர்களை நிந்திக்கிறோம். அந்தப் பதினொருவர் எந்த வழியாக அணிக்குள் வந்தார்கள், வழியில்லாமல் வெளியே நின்றவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்பதில்லை. தேசத்தின் பெயரைச் சுமந்து செல்லும் கூட்டம் தேசம் முழுவதிலிருந்தும் பொறுக்கி எடுக்கப்பட்டதா என்பது, அது கொண்டுவரும் கோப்பையைக் காட்டிலும் முக்கியமான விஷயம் என்பது நமது அபிப்பிராயம்.

இந்தக் கேள்வி புதியதன்று. 1911ஆம் வருஷம் இந்தியாவின் பெயரால் ஓர் அணி முதன்முதலாக இங்கிலாந்துக்குச் சென்றது. அதற்குத் தலைவர் பாட்டியாலா மகாராஜா. ஆனால் அந்தப் பிரயாணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தி இந்தியரின் மானத்தைக் காத்தவர் பல்வங்கர் பாலு என்ற, தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த பந்து வீச்சாளர். புனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் சொற்பச் சம்பளத்துக்கு ஆடுகளத்தைச் செம்மை செய்து, பயிற்சி வலையில் துரைமார்களுக்குப் பந்து வீசியே அவர் தமது வித்தையைக் கற்றார். அத்தகையவருக்கு இந்து அணியின் தலைமைப் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. தகுதி வலைக்குள் பந்து வீசிக்கொண்டிருக்க, தலைமை பிறப்பால் வந்த காலம் அது.

நமது தமிழ்நாட்டிலும் உதாரணம் உண்டு. செங்கற்பட்டு ஜில்லா மொரப்பாக்கம் கிராமத்தில் பிறந்த எம். ஜே. கோபாலன் ஹாக்கியிலும் கிரிக்கெட்டிலும் தேசத்துக்காக ஆடியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குச் செல்வதை விட்டுவிட்டு இங்கிலாந்து சென்ற கிரிக்கெட் அணியுடன் போனார். ஹாக்கி அணி தங்கப் பதக்கத்துடன் திரும்பியது. கோபாலனுக்கோ, விஜயநகரத்து மகாராஜகுமாரர் தலைமை வகித்த அந்த அணியில் ஒரு டெஸ்ட் பந்தயத்திலும் இடம் கிடைக்கவில்லை.

குறித்த ஓவர் ஆட்டம் நமக்குப் பிந்தி வந்தது. 1974 ஜூலையில் லீட்ஸ் நகரில் நமது அணி முதல் சர்வதேச ஒருநாள் பந்தயத்தை ஆடித் தோற்றது. 1975இல் சென்னை வெங்கட்ராகவன் தலைமையில் முதல் உலகக் கோப்பைக்குச் சென்றபோது, இங்கிலாந்து எடுத்த 334 ஓட்டங்களுக்கு எதிராக நாம் 60 ஓவர்களும் ஆடி 132 ஓட்டங்களே எடுத்தோம். அதே இங்கிலாந்தில் 1983இல் உலகக் கோப்பை நம் கைக்கு வந்தது. அந்த இறுதி ஆட்டத்தில் இரு தரப்பிலும் அதிகமான ஓட்டங்கள், அதாவது 38, எடுத்தவர் ஸ்ரீகாந்த். 1985இல் ஆஸ்திரேலியாவில் நடந்த உலகப் போட்டியில் நாம் வெற்றி பெற்றபோது இளைஞர் சிவராமகிருஷ்ணனின் சுழற்பந்து பேருதவி புரிந்தது. இவர்கள் மூவரையும் பற்றி நாம் பெருமை கொள்வது நியாயமே. எனினும் மூவரும் சென்னைப் பட்டணத்தார். மைதானமும் கிளப்பும் பயிற்சியும் அருகிலேயே கிடைத்த இடத்திலிருந்து வந்தவர்கள்.

பட்டணத்துக்கு வெளியேயும் வித்தை இருக்கிறது என்பதை 2020ஆம் வருஷத்து ஆஸ்திரேலியப் பிரயாணம் நிரூபித்தது. சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டியில் தறிக் கூலியாளின் மகனாகப் பிறந்த த. நடராஜன், ஏறக்குறைய இருபது வயது வரையில் டென்னிஸ் பந்தில் மட்டுமே ஆடியவர். அந்தப் பிரயாணத்தில் அவர் முதலில் அணியின் அங்கத்தினராகச் செல்லவில்லை. வலைப்பயிற்சியில் மட்டையாளர்களுக்குப் பந்து வீசும் பணிக்காகவே அழைத்துச் செல்லப்பட்டார். வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம் ஏற்பட்டதால் இருபது ஓவர் அணியில் இடம் கிடைத்தது. பின்னர் ஒருநாள் அணியிலும் சேர்க்கப்பட்டார். டிசம்பர் 2ஆம் தேதி கான்பெராவில் முதல் ஒருநாள் பந்தயத்தில் இறங்கி 2 விக்கெட்டுகளை வீழ்த்தினார். நாம் 13 ஓட்டங்களில் வென்றோம். இருபது ஓவர் தொடரை 2–1 என்று நாம் கைப்பற்றியபோது அவர் வீழ்த்தியவை 6 விக்கெட்டுகள். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டிலும் ஆடி, ஒரே பிரயாணத்தில் மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் என்ற கீர்த்தியை அடைந்தார்.

இதைக் கண்டு தேசம் மகிழ்ந்தது. ஆனால் மகிழ்ச்சிக்குள்ளே ஒரு வெட்கமும் இருக்க வேண்டும். பாலு வலையில் பந்து வீசிய காலத்துக்கும் நடராஜன் வலையில் பந்து வீசிய காலத்துக்கும் இடையே நூறு வருஷங்களுக்கு மேல் கடந்துவிட்டன. ராஜாக்கள் போனார்கள், சுயராஜ்யம் வந்தது. ஆயினும் ஒரு கிராமத்துப் பையன் அணிக்குள் நுழைய இன்னொருவனுடைய தோள் நோக வேண்டியிருக்கிறது. தற்செயலாகத் திறந்த கதவை நாம் ராஜபாட்டை என்று எண்ணிவிடக் கூடாது.

கவனிக்கவேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. ஐந்து நாள் ஆட்டத்துக்குப் புல்தரை வேண்டும், நீண்ட பயிற்சி வேண்டும், ஓய்வு வேண்டும். குறித்த ஓவர் ஆட்டமோ நமது கிராமங்கள் ஏற்கெனவே ஆடிவரும் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்துப் பந்தயம் எட்டு ஓவரிலோ பத்து ஓவரிலோ முடிகிறது. இலேசான அந்தப் பந்தை எவனும் தூக்கி அடித்துவிடலாம். அவனைத் தடுக்க ஒரே வழி, அவன் காலடியிலேயே பந்தைக் குத்துவது. நடராஜனைக் கான்பெராவுக்குக் கொண்டுசென்ற யார்க்கர் இந்தப் பள்ளியில் பயின்றதுதான். கடைசி ஓவர்களில் பந்தயத்தைக் காக்கும் வித்தை எங்கே விளைகிறது என்று தெரிந்த பிறகும் அங்கே போய்த் தேடாதிருப்பது மடமை.

அத்தகைய இடங்களில் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். திருவள்ளூர் ஜில்லா கும்மிடிப்பூண்டி தாலுகாவில், பழவேற்காட்டு ஏரியை அடுத்து இருக்கிறது சுண்ணாம்புக்குளம். ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. 2023 ஜூலையில் சந்திரனுக்குப் புறப்பட்ட ராக்கெட் அங்கிருந்துதான் எழும்பியது. தேசத்தின் கீர்த்தி ஆகாயத்தில் ஏறுவதை வீட்டு வாசலில் நின்றே பார்க்கும் இக்கரைக் கிராமங்களின் பிள்ளைகளுக்கு, சேப்பாக்கம் மைதானமோ வெகு தூரத்தில் இருக்கிறது. ரஸ்தா தூரத்தைச் சொல்லவில்லை. காலையில் புறப்பட்டால் மாலையில் திரும்பிவிடலாம். தோல் பந்தின் விலை, காலணியின் விலை, ஒரு நாள் கூலியின் நஷ்டம், கிளப்பில் சேர்த்துவிட ஒரு தெரிந்த மனிதர் — இவையே அந்தத் தூரம்.

இந்த ஏரியில் 'பாடு' என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக வழங்கிவருகிறது. இறால் மிகுதியாக அகப்படும் இடத்தில் வலுத்தவன் வலையே என்றென்றைக்கும் கிடப்பதில்லை. முறை வைத்து மாறி மாறி வலை போடுகிறார்கள். அந்த முறைக்குள் இடம் பெறாதோர் உண்டு, அதனால் பிணக்குகளும் உண்டு என்பது உண்மையே. எனினும் நல்ல துறை எவருக்கும் நிரந்தரச் சொத்தன்று என்ற நீதி அதில் இருக்கிறது. தேசிய அணியை முறைவைத்து நிரப்புங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆடும் பதினொருவர் திறமையால்தான் வரவேண்டும். ஆனால் திறமை இருக்கிறதா என்று பார்க்கப்படும் உரிமை எல்லோருக்கும் முறைப்படி வரவேண்டும்.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் கிளம்பலாம். கிரிக்கெட் ஆங்கிலேயன் ஆட்டம், தேசாபிமானிகளுக்கு அதில் என்ன வேலை என்பது ஒன்று. ஆங்கிலேயன் போட்ட ரயிலில் ஏறித்தான் காங்கிரஸ் தொண்டர்கள் தேசமெங்கும் சென்றார்கள். ஆட்டம் எவனுடையது என்பதல்ல, இன்று அதை ஆள்பவன் எவன் என்பதே கேள்வி. முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன்வளம் குன்றும்போது பந்தாட்டம் ஒரு கேடா என்பது மற்றொன்று. முகத்துவாரம்தான் முதல் காரியம். அதில் நமக்கும் பேதமில்லை. ஆனால் ஆடுகளம் அதனோடு போட்டியிடும் செலவன்று. ஏரி பறவைகளின் சரணாலயமாக இருப்பதால் கட்டடமும் தேவையில்லை, எழுப்பவும் கூடாது. ஊருக்குள் சமதரை ஒன்றும், விரிக்கத் தேங்காய் நார்ப் பாயும், சில டஜன் தோல் பந்துகளும் போதும்.

பணம் இல்லை என்று கிரிக்கெட் வாரியம் சொல்ல முடியாது. 2023 முதல் 2027 வரை ஐ.பி.எல். பந்தயங்களை ஒளிபரப்பும் உரிமையை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு அது விற்றிருக்கிறது. அந்தப் பொக்கிஷத்தை நிரப்புவோரில் சுண்ணாம்புக்குளத்துத் திண்ணையில் ஆட்டம் பார்ப்பவனும் ஒருவன். அவன் மகனைப் பார்க்க ஒரு தேர்வாளரை அனுப்புவது தர்மமன்று; கடன். வருஷத்துக்கு ஒரு முறையேனும் ஒவ்வொரு தாலுகாவிலும், வலைக்குப் போனவர்கள் கரை திரும்பும் நேரம் அறிந்து, பகிரங்கத் தேர்வு நடத்த வேண்டும். தோல் பந்தில் பழக்கும் பயிற்சியாளர் ஒருவரைச் சில கிராமங்களுக்குச் சேர்த்தாவது நியமிக்க வேண்டும். பெண்பிள்ளைகளையும் விட்டுவிடலாகாது. 2013இல் உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண் திருஷ் காமினி தமிழ்நாட்டவரே. 2025 நவம்பரில் நமது மகளிர் அணி உலகக் கோப்பையையே வென்றிருக்கிறது.

சங்கங்கள் தாமாக அசையா. அசைக்கவேண்டியவர்கள் நமது அரசியல் ஊழியர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் கிராம சபைகள் கூடுகின்றன. அடுத்த சபையிலேயே, ஊரின் விளையாட்டுத் தரையை அளந்து வருவாய்க் கணக்கில் பதிய வேண்டும், அதை வேறு காரியத்துக்கு மாற்றலாகாது, தாலுகாத் தேர்வு நடத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். ஒரு நகலை ஜில்லா கலெக்டருக்கும் மற்றொன்றைத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கும் அனுப்புங்கள். பதில் வரும் வரையில் விடாதீர்கள்.