பேஸ் பெட்டிக்குக் காசு இருக்கு, பியூஸுக்கு இல்லையா?



மத்தியமுகாம், சாளம்பைக்கேணி, கிட்டங்கிப் பக்கமிருந்தெல்லாம் நம் பிள்ளைகளை ஏற்றி வரும் ஓட்டோக்கள் சிலவற்றில் பின் சீற்றுக்குப் பின்னால் சப்வூபர் பெட்டி இருக்கிறது. பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் பெட்டி, காலுக்குக் கீழே வயர். பெட்டியைப் பற்றி ஊரில் நிறையப் பேசியாயிற்று. நாம் பேச வருவது அந்த வயரைப் பற்றி.

ஒரு சாரதித் தம்பியிடம் கேட்டோம். "பெட்டிக்கும் அம்புக்கும்தான் காசு போச்சு சேர், வயர் வீட்டுல கிடந்தது" என்றார். வீட்டு மின்குமிழுக்கு இழுத்து மிஞ்சிய வயராம்!

கணக்கைப் பாருங்கள். உண்மையாக 300 வோற்று தரும் சாதாரண அம்ப், சூடாகிப் போவதையும் சேர்த்து ஏறத்தாழ 500 வோற்று இழுக்கும். 12 வோல்ற்று பெட்டரியில் அது 40 அம்பியருக்கும் மேல். மின்குமிழ் வயர் அதைத் தாங்குமா? 8 கேஜ் செம்பு வயராவது வேண்டும். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அலுமினியத்துக்குச் செம்பு பூசியது. செம்பு கடத்துவதில் ஏறத்தாழ 60 வீதம்தான் அலுமினியம் கடத்தும். வெட்டிய முனையைச் சுரண்டினால் வெள்ளை தெரியும்.

பியூஸ் கதை இன்னும் மோசம். அம்பில் இருக்கும் பியூஸ் அம்பைத்தான் காக்கும். பெட்டரியிலிருந்து அம்ப் வரை வரும் வயர் தகட்டில் உரசித் தேய்ந்து பொடியில் பட்டால், அதை நிறுத்த பெட்டரிக்குப் பக்கத்தில், ஒன்றரை அடிக்குள் ஒரு பியூஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வயரே நெருப்பாகும். ஓட்டோவில் எஞ்சினும் அதற்குப் போகும் பெற்றோல் குழாயும் பின்னால்தான் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. சிலர் பியூஸ் அடிக்கடி போகிறதென்று கம்பி சுற்றி விடுகிறார்கள். ஏன் போகிறது? 4 ஓம் சப் இரண்டைச் சமாந்தரமாகக் கொடுத்தால் 2 ஓம் ஆகிவிடும். 4 ஓமுக்குக் குறையாமல் கொடுக்கச் சொன்ன அம்ப் அங்கே திணறும். இது சாதாரண தர விஞ்ஞானம். பரீட்சையில் சரியாக எழுதியவர்கள்தான் இன்று கம்பி சுற்றுகிறார்கள்.

காரென்றால் கதவைச் சாத்தியதும் பேஸ் உள்ளே நிறையும், 8 அங்குல சப் ஒன்றே போதும். ஓட்டோவுக்கோ கதவே இல்லை. சத்தம் வெளியே ஓடுகிறது, சாரதி இன்னும் கூட்டுகிறார், ஹெட்லைற் பாட்டுக்குத் தக்க மங்கி எரிகிறது. பெட்டரி கெஞ்சுவதன் அடையாளம் அது. ஆனால் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் குறைவதில்லை. பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான அளவாக உலக சுகாதார நிறுவனம் சொல்வது 75 டெசிபல், அதுவும் வாரத்துக்கு 40 மணித்தியாலம். சத்தம் கூடக் கூட நேரம் வேகமாகக் குறையும்.

2025 தொடக்கத்தில் 'கிளீன் ஸ்ரீலங்கா' என்று பொலிஸார் வாகனங்களின் மேலதிகச் சாமான்களைக் கழற்றச் சொன்னபோது சாரதிகள் கோபப்பட்டார்கள். நாள் முழுக்க வெயிலில் ஓடுபவருக்குப் பாட்டும் வேண்டாமா? நாமும் கழற்றச் சொல்லவில்லை. பள்ளி ஓட்டத்தில் சப்பை நிறுத்துங்கள், பியூஸைப் போடுங்கள். அடுத்த மாதக் காசு கொடுக்கும்போது பெற்றோர் கால்மிதியைத் தூக்கி ஒருதரம் பாருங்கள். பாவம், அவரும் உழைப்பாளி, சண்டை பிடிக்காமல் கேளுங்கள்.

ஆய்வுகூடத்தில் மீற்றர் இருக்கிறது. பாடசாலை விட்ட பிறகு கொண்டு வந்தால் ஓம் அளந்து தருவோம். 4 ஓம் சப் மீற்றரில் மூன்று சொச்சம்தான் காட்டும், பழுதென்று பயப்பட வேண்டாம்.