வானத்தில் வரும் பார்சல்

ஒரு தாய்க்குக் குழந்தை பிறக்கிறது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும். ஆனால் அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சேரக்கூடிய ரத்தம் இல்லை. ரத்தம் இருக்கும் ஊரோ மலைக்கு அப்பால் இருக்கிறது. மழையில் பாதை சேறாகிவிட்டது. கார் போய்த் திரும்புவதற்குள் அவள் உயிர் தங்குமா?

ஆப்பிரிக்காவில் உள்ள ருவாண்டா நாட்டு டாக்டர்களுக்கு இது பழகிப்போன கவலை. 'ஆயிரம் குன்றுகளின் நாடு' என்று அந்த நாட்டுக்கு ஒரு பெயர் உண்டு. குன்றைச் சுற்றித்தான் பாதை போகும்.

2016-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அங்கே ஒரு புது ஏற்பாடு வந்தது. ஆள் ஏறாத சிறு விமானங்கள் ரத்தத்தைச் சுமந்து பறக்கத் தொடங்கின. இந்தச் சிறு விமானத்துக்குத்தான் 'ட்ரோன்' என்று பெயர்.

எப்படி வருகிறது?

ஆஸ்பத்திரியில் இருந்து செய்தி போகிறது. ரத்தப் பையைப் பெட்டியில் வைத்து ட்ரோனில் ஏற்றுகிறார்கள். கவண் கல்லை வீசுவதுபோல ஓர் எந்திரம் அதை வானில் வீசுகிறது. மணிக்குச் சுமார் 100 கிலோ மீட்டர் வேகத்தில் அது பறக்கிறது. ஆஸ்பத்திரிக்கு மேலே வந்ததும் பெட்டியைக் கீழே விடுகிறது. பாராசூட் அதை மெதுவாகத் தரையில் இறக்குகிறது. ட்ரோன் இறங்காமலே திரும்பிவிடுகிறது.

இதனால் என்ன பயன்? 2022-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. காரில் வருவதைவிடச் சராசரியாக 79 நிமிடமாவது முன்னால் ரத்தம் வந்து சேர்ந்தது என்று அது சொல்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. ரத்தம் உப்பு, புளி அல்ல, வருஷக் கணக்கில் சேர்த்து வைப்பதற்கு. கெடு தாண்டினால் கொட்டத்தான் வேண்டும். அப்படி வீணாகும் ரத்தம் 67 சதவீதம் குறைந்துவிட்டது.

எல்லாப் பார்சலும் பறக்குமா?

"அப்படியானால் எங்கள் வீட்டுக்கும் சாமான் பறந்து வருமா?" என்று கேட்பீர்கள். அது அவ்வளவு எளிதல்ல.

அமெரிக்காவில் உள்ள அமேசான் கம்பெனியின் தலைவர் ஜெப் பெசோஸ் 2013-ம் ஆண்டிலேயே இந்த ஆசையைக் காட்டினார். நாலைந்து ஆண்டுகளில் வீடுதோறும் ட்ரோன் வரும் என்றார். அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. இன்னமும் சில ஊர்களில்தான் அது நடக்கிறது.

காரணம் என்ன? அந்த ட்ரோன் சுமார் 2¼ கிலோ எடையைத்தான் சுமக்கும். அரிசி மூட்டையைத் தூக்காது. பலத்த காற்றும் மழையும் அதற்கு எதிரி. நகரத்திலோ மரம், மின்சாரக் கம்பி, உயர்ந்த கட்டிடம் எல்லாம் குறுக்கே நிற்கின்றன.

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகருக்கு அருகே 2022 செப்டம்பரில் நடந்ததைக் கேளுங்கள். சாப்பாடு கொண்டுபோன ஒரு ட்ரோன் மின்சாரக் கம்பி மேல் விழுந்தது. சுமார் 2 ஆயிரம் வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் நின்றுபோயிற்று. ஒரு வீட்டுச் சாப்பாட்டுக்காக 2 ஆயிரம் பேருக்குத் தொல்லை!

அமெரிக்காவில் 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரம் தீப்பிடித்து எரிந்தது. தீயை அணைக்கப் பறந்த விமானத்தின் இறக்கையில் ஒரு ட்ரோன் மோதி ஓட்டை போட்டது. விமானம் பத்திரமாக இறங்கியது. ஆனால் மேலும் பறக்க முடியாமல் நின்றுவிட்டது. அது பார்சல் ட்ரோன் அல்ல. யாரோ ஒருவர் பறக்கவிட்டது. ஆனாலும் பாடம் ஒன்றுதான். வானம் காலியாக இல்லை.

நம் நாட்டில்

நம் நாட்டில் 2021-ல் ட்ரோன் சட்டவிதிகள் வந்தன. வானத்தை மூன்று நிறமாகப் பிரித்தார்கள். சிவப்பு என்றால், மத்திய அரசின் அனுமதி வேண்டும். மஞ்சள் என்றால், விமானப் போக்குவரத்தைக் கண்காணிப்பவர்களின் அனுமதி வேண்டும். பச்சை என்றால், 400 அடி உயரம் வரை பறக்கலாம்.

அதே ஆண்டு அக்டோபரில் மணிப்பூரில் லோக்தாக் ஏரியில் உள்ள தீவுக்குக் கொரோனா தடுப்பு மருந்தை ட்ரோன் கொண்டுபோயிற்று. தரை வழியே 26 கிலோ மீட்டர். வான் வழியே 15 கிலோ மீட்டர். கால் மணி நேரத்துக்குள் மருந்து போய்ச் சேர்ந்தது. இதுவல்லவா நல்ல காரியம்!

ஆகவே நாம் சொல்வது இதுதான். ரத்தம், மருந்து, வெள்ளத்தில் சிக்கியவர்களுக்கு உணவு ஆகியவற்றுக்கு ட்ரோன் தாராளமாகப் பறக்கட்டும். வியாபாரச் சரக்குக்கு அவசரம் இல்லை. எந்த ட்ரோன் எங்கே பறக்கிறது என்பது விமானத்தைக் கண்காணிப்பவர்களுக்கு அந்தக் கணமே தெரிய வேண்டும். தலையில் விழுந்தால் நஷ்டஈடு யார் தருவது என்பதும் முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்குப் பிறகுதான் வீடுகளுக்கு மேலே பார்சல் பறக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் வந்தால் ரோட்டில் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுகிறோம். வானத்திலும் அதே நியாயம்தான். முதல் வழி உயிர் காக்கும் மருந்துக்கு. பிரியாணிப் பொட்டலம் கொஞ்சம் காத்திருக்கட்டும்!